அரசு அச்சடித்த புத்தகம் எங்கே கிடைக்கும்?

போன இதழில் ஒரு விவசாயி, தன் ஊரில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எத்தனை ஏக்கர் ஏரிப் பாசனம் நடந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டிருந்தார். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டைப் பாருங்கள் என்று இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அரசு வெளியீடுகள். முப்பது வருஷத்துக்கு மேல் நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் வேலை பார்த்தவள் நான், இந்தப் புத்தகங்களோடுதான் என் நாட்கள் போயின, அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

எங்கள் ஊர் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரியவர்கள் சொன்ன கதைகள் கையில் இருக்கின்றன, எழுத்தில் ஆதாரம் வேண்டும். ஒரு சின்னக் கிராமத்தைப் பற்றி அரசு வெளியீடுகளில் என்ன இருக்கப்போகிறது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நிலக்கோட்டை வட்டம்

நிறைய இருக்கும் ஐயா. ஆனால் தேடுவதற்கு முன்னால் இரண்டு பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். நீங்கள் ஊர் என்று சொல்வதும் அரசு கிராமம் என்று சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கணக்கில் வருவது வருவாய்க் கிராமம். உங்களுடையது குக்கிராமம் என்றால் அது சேர்ந்திருக்கும் வருவாய்க் கிராமத்தின் பெயரில்தான் எல்லா எண்ணும் இருக்கும். வீட்டிலிருக்கும் பட்டாவையோ சிட்டாவையோ எடுத்துப் பாருங்கள், பெயர் அதில் இருக்கும். இது தெரியாமல் வந்து, "எங்க ஊரே இதுல இல்லையேம்மா" என்று முகம் வாடித் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல். அதற்கு முந்தைய கையேடுகளை மதுரை என்ற பெயரில்தான் தேட வேண்டும், 1991-லிருந்துதான் திண்டுக்கல் என்று தனியாக வரும். அப்போது மாவட்டப் பெயரோடு ஒரு தலைவரின் பெயரும் ஒட்டியிருந்தது, 1997-ல்தான் அவற்றை எடுத்தார்கள். பட்டியலில் தேடும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

இனி கையேட்டுக்கு வருவோம். கிராமத்துக்கு ஒரு வரி, அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு வரியில் எத்தனை வீடு, எத்தனை பேர், ஆதிதிராவிடர் எத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை, சொந்தமாகவோ குத்தகைக்கோ உழுதவர் எத்தனை, கூலிக்குப் போனவர் எத்தனை என்று எல்லாம் ஆண் பெண் தனித்தனியாக இருக்கும். அதே கையேட்டின் கிராம விவரப் பகுதியில் பள்ளி, தபால் நிலையம், குடிநீர், மின்சாரம், பஸ் வந்ததா என்ற விவரங்களும், எந்த நீரில் எவ்வளவு நிலம் பாய்ந்தது என்ற கணக்கும் வரும். 1961, 71, 81, 91, 2001, 2011 என்று ஆறு வரிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரு தாளில் எழுதுங்கள். உழவர் எப்போது கூலியாட்களானார்கள், பெண்கள் எப்போது படிக்க ஆரம்பித்தார்கள் என்பது யாரும் சொல்லாமலே உங்கள் கண்முன் தெரியும். இந்தக் கையேடுகளைக் கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

1961 கணக்கெடுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சென்னை மாநிலத்துக்கு அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் பி.கே. நம்பியார். தலைகளை எண்ணுவதோடு அவர் நிறுத்தவில்லை. தேர்ந்தெடுத்த சில கிராமங்களைப் பற்றி, வீடு கட்டும் முறை, சாப்பாடு, கடன், கல்யாணம், திருவிழா வரைக்கும் படங்களோடு தனித்தனிப் புத்தகம் போட்டார்கள். கோயில்களைப் பற்றி மாவட்ட வாரியாகத் தொகுதிகளும் வந்தன. உங்கள் ஊர் அந்தக் கிராமப் பட்டியலில் இல்லாவிட்டாலும் பக்கத்துப் பகுதியிலிருந்து ஒன்று இருந்தால் எடுத்துப் படியுங்கள், அறுபது வருஷத்துக்கு முந்தைய வாழ்க்கையை இவ்வளவு கிட்டப்போய்ப் பார்த்துப் பதிவுசெய்த அரசு வெளியீடுகள் அதிகம் இல்லை.

அதற்கும் முன்னால் போக வேண்டும் என்றால் நெல்சன் 1868-ல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடும், 1906-ல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) இருக்கின்றன. பிரான்சிஸ் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் தாலுகா வாரியாக ஊர்களைச் சொல்கிறது, நிலக்கோட்டை தாலுகாவும் அதில் உண்டு. ஒன்று மட்டும். இவை வரி வசூலிக்க வந்த அதிகாரிகள் எழுதியவை. சாதிகளைப் பற்றி அவர்கள் போகிற போக்கில் எழுதிய தீர்ப்புகளை அப்படியே எடுத்து ஊர் வரலாற்றில் போட்டுவிடாதீர்கள், யார் சொன்னது, எந்த வருஷம் சொன்னது என்று சேர்த்தே எழுதுங்கள். கோயிலில் கல்வெட்டு இருந்தால் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகளைப் பாருங்கள், 1887-லிருந்து வருகின்றன, ஊர்ப் பெயரோடு சுருக்கம் கொடுத்திருப்பார்கள்.

எழும்பூரில் இரண்டு இடத்துக்கு ஒரே பயணத்தில் போய்வரலாம். அருங்காட்சியக வளாகத்தில் கன்னிமாரா பொது நூலகம், ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். நிலத்தை அளந்து வரி விதித்த செட்டில்மெண்ட் பதிவேடு, மானியமாகக் கொடுத்த நிலங்களின் இனாம் பதிவேடு போன்றவற்றுக்குக் காப்பகம்தான். ஆராய்ச்சிக்கு அனுமதி பெற விண்ணப்பம், அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள், போவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இணையத்தில் தேடும்போது வெள்ளைக்காரர்கள் எழுதிய எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். டின்னவெல்லி (Tinnevelly), டாஞ்சூர் (Tanjore), ட்ரிச்சினாபொலி (Trichinopoly) என்று தேடினால்தான் பழைய புத்தகம் சிக்கும்.

நான் ஊர்ப்புற நூலகர். அரசு வெளியீடுகளை வாங்க எனக்குத் தனி நிதி கிடையாது, மாவட்டத்திலிருந்து அனுப்புவதுதான் வரும். நானாகச் சேர்க்க வழி இருக்கிறதா அம்மா?
— நாமக்கல் மாவட்டம்

இருக்கிறது தம்பி. உங்களைப் போல ஒருவர் இதைக் கேட்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

முதலில் இவை ஏன் தானாக வந்து சேர்வதில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். சாதாரணப் புத்தகத்தைப் பதிப்பாளர் விற்றாக வேண்டும், அதனால் பட்டியல் அனுப்புவார், ஆள் அனுப்புவார். துறை ஒன்று அறிக்கை அச்சடித்தால் யாருக்கும் விற்க வேண்டிய அவசியம் இல்லை. சில நூறு பிரதி போடுவார்கள், கூட்டத்தில் கொடுப்பார்கள், மீதி அலுவலக அலமாரியில் கட்டோடு கிடக்கும், அதிகாரி மாறினால் அந்தக் கட்டும் போய்விடும். சட்டம் என்னவோ இருக்கிறது. 1954-ல் வந்த நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் வெளியிடுபவர் தன் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். அலுவலகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று போட்டவை தவிர அரசின் புத்தகங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் உங்கள் ஊர் நூலகத்துக்கு அனுப்பச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே நாம்தான் போய்க் கேட்க வேண்டும், வேறு வழியே கிடையாது.

கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. "உங்கள் வெளியீடுகளை அனுப்பி உதவவும்" என்று பொதுவாக எழுதினால் பதிலே வராது. எந்தத் தலைப்பு, எந்த வருஷம், எத்தனை பிரதி, யார் பார்வைக்கு என்று நூலக முத்திரையோடு எழுதுங்கள். முடிந்தால் கடிதத்தோடு நேரில் போங்கள். ஆட்சியர் அலுவலகம் போகிற நாளில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எட்டிப் பார்த்து மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு இருக்கிறதா என்று கேளுங்கள். மழை, பயிர், கால்நடை, பள்ளி, மருத்துவமனை என்று எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை விடவே மாட்டார்கள். பேரவையில் மானியக் கோரிக்கை நடக்கிற சமயத்தில் ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும், அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். வேளாண்மை, பள்ளிக்கல்வி, ஊரக வளர்ச்சி என்று உங்கள் வாசகர்களுக்கு வேண்டிய நான்கைந்தை அச்செடுத்து நூல்கட்டிப் போடுங்கள். அச்சுச் செலவை வாசகர் வட்டத்திடம் கேட்கலாம், புரவலர் யாராவது கொடுப்பார்.

மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு விலை குறைவாகவே நல்ல புத்தகங்கள் போடுகிறது, சென்னையில் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் அதன் விற்பனையகம் இருக்கிறது, 'திட்டம்' மாத இதழும் அவர்களுடையதுதான். மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் கீழடி பற்றி வெளியிட்ட சிறு நூல் போன்றவை புத்தகக் கண்காட்சி அரங்குகளில் கிடைக்கும். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் அரசுத் துறைகள் அரங்கு போட்டால் கடைசி நாள் சாயங்காலம் போய் நில்லுங்கள். மிச்சத்தைத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டு போவதை விட நூலகத்துக்குக் கொடுக்க அவர்களுக்கும் மனசு வரும். எனக்கு அப்படி அட்டைப்பெட்டி கணக்கில் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று, இதைச் செய்கிற நூலகம் மிகக் குறைவு. உங்கள் ஊராட்சியின் தாள்களைச் சேருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும்போது வரவு செலவு வாசிக்கிறார்கள், வளர்ச்சித் திட்டம் வைக்கிறார்கள். தலைவரிடமோ செயலரிடமோ ஒரு நகல் கேட்டு வாங்கி வருஷ வாரியாகக் கோப்பில் போடுங்கள். பத்து வருஷம் கழித்து உங்கள் ஊர்ச் சாலையும் தண்ணீர்த் தொட்டியும் எப்போது எவ்வளவில் வந்தன என்று கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்க உங்களிடம்தான் தாள் இருக்கும். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு வாசகர் யாராவது மனுப் போடலாம், ஆனால் முதலில் நட்பாகக் கேளுங்கள்.

வந்ததை உடனே நூல் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். இலவசமாக வந்ததுதானே என்று மேஜை மேல் வைத்தால் ஒரே மாதத்தில் காணாமல் போகும். நான்கு பக்கத் துண்டறிக்கைகளைத் துறை வாரியாகப் பெட்டிக் கோப்பில் போட்டு, அந்தப் பெட்டிக்கு ஒரு எண் கொடுத்தால் போதும்.

அரசு வெளியிட்ட பழைய புத்தகத்தை நகலெடுக்கலாமா? மறுபதிப்புப் போடலாமா?
— சிறு பதிப்பாளர், கோவை

அரசுப் புத்தகத்துக்கும் பதிப்புரிமை உண்டு. 1957 சட்டப்படி, வெளிவந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம். 1961-ல் அச்சானது 2022 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள், 1961 கணக்கெடுப்புத் தொகுதி 1966-ல் அச்சாகியிருந்தால் 1966-தான் கணக்கு, ஆகவே தலைப்பை நம்பாமல் உள்பக்கத்தைப் பாருங்கள். அரசிதழில் வந்த அறிவிப்புகளை மறுபடி வெளியிடலாம். சட்டங்களை உங்கள் விளக்கவுரையோடு சேர்த்து வெளியிடலாம். சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட குழு அறிக்கைகளையும், அரசு தடை போடாத வரை, வெளியிடலாம். நூலகர்களுக்கும் ஒரு சலுகை உண்டு. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத புத்தகத்தை நூலகத்தின் பயன்பாட்டுக்காக மூன்று பிரதி வரை நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1994-ல் பெயர் மாற்றிக்கொண்டேன். அரசிதழ் பிரதி தொலைந்துவிட்டது, இப்போது பாஸ்போர்ட்டுக்குக் கேட்கிறார்கள். நூலகத்தில் கிடைக்குமா?
— வாசகி, திருச்சி

நூலகத்தில் பார்க்கலாம், ஆனால் நூலக நகலை மட்டும் வைத்து வேலை முடியாது, எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையிடம் சான்றிட்ட பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் கேட்பது இதழ் எண்ணும் தேதியும். அதைக் கண்டுபிடிக்கத்தான் நூலகம். தமிழ்நாடு அரசிதழ் வாரம் ஒருமுறை, புதன்கிழமை வருவது, ஆகவே ஒரு வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு இதழ்தான். கன்னிமாராவிலோ ஆவணக் காப்பகத்திலோ அந்த வருஷத் தொகுப்பைக் கேட்டு, தனியார் விளம்பரங்கள் வரும் பகுதியை மட்டும் புரட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். பெயர் மாற்றத்துக்குப் பணம் கட்டிய தேதியிலிருந்து ஆரம்பித்து அதற்கடுத்து வந்த இதழ்களைப் பாருங்கள். கிடைத்தவுடன் தேதி, இதழ் எண், பக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நூலக அறிவியல் படிக்கிறேன். மாணவர்கள் கேட்கும் பெயரில் அரசு அறிக்கைகள் பட்டியலில் இருப்பதே இல்லை. ஏன்?
— மதுரை

ஏனென்றால் ஊர் வைத்த பெயர் வேறு, அட்டையில் இருக்கிற பெயர் வேறு. ராஜமன்னார் குழு அறிக்கை என்று எல்லோரும் கேட்பார்கள். 1971-ல் வந்த அதன் தலைப்பு மத்திய மாநில உறவுகள் விசாரணைக் குழு அறிக்கை. சட்டநாதன் ஆணைய அறிக்கை என்று கேட்பார்கள், அட்டையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் என்றுதான் இருக்கும். குழுத் தலைவர் பெயரில் தேடினாலும் அட்டைத் தலைப்பைக் காட்டும்படி பட்டியலில் ஒரு சுட்டு போட்டுவையுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி, துறைகளின் பெயர் மாற்றம். அரசு வெளியீட்டில் துறைதான் ஆசிரியர். 1969 ஜனவரி 14-க்கு முந்தையது எல்லாம் மெட்ராஸ் என்ற பெயரில் இருக்கும், அப்புறம்தான் தமிழ்நாடு. நில வருவாயை நிர்வகித்த வருவாய் வாரியம் 1980-ல் கலைக்கப்பட்டது, ஆனால் அதன் நிலையாணைகளை இன்றைக்கும் தாசில்தார் அலுவலகத்தில் மேற்கோள் காட்டுகிறார்கள், புதுப் பெயரில் மட்டும் தேடினால் சிக்காது. ஒவ்வொரு துறைக்கும் முந்தைய பெயர், பிந்தைய பெயர் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். என் மேஜையில் அப்படி ஒரு நோட்டு இருந்தது, எந்தப் பாடப்புத்தகத்தை விடவும் அதுதான் எனக்கு அதிகம் உதவியது.

அரசாணை கேட்டு வருபவர்களிடம் எண்ணை மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வருஷமும் எண் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். துறை, தேதி, எண், ஆணையின் வகை (நிலையா வாலாயமா, அரசாணையிலேயே போட்டிருக்கும்), இத்தனையும் வேண்டும்.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே, நூலகம் இதையெல்லாம் எதற்குச் சேர்த்துவைக்க வேண்டும்?
— வாசகர், சென்னை

வந்தது உண்மை, நல்லதும்கூட. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017-லிருந்து எத்தனையோ அரிய நூல்களை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. இந்திய அரசிதழ் 2015 அக்டோபரிலிருந்து தாளில் அச்சாவதே இல்லை, இணையத்தில் மட்டும்தான். எனக்குப் பயமே அங்கேதான். தாளில் வந்தபோது நாடு முழுக்கப் பல நூலகங்களில் பிரதி இருந்தது, ஒரு இடத்தில் அழிந்தாலும் இன்னொரு இடத்தில் கிடைக்கும். இணையத்தில் ஒரே இடம். துறை தன் தளத்தைப் புதுப்பித்தால் பழைய முகவரி எல்லாம் செத்துப்போகிறது, போன வருஷம் திறந்த கோப்பு இந்த வருஷம் திறப்பதில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. ஆகவே உங்களுக்கு வேண்டியதைப் பார்த்த அன்றே இறக்கி, துறை, தலைப்பு, வருஷம், இறக்கிய தேதி போட்டுச் சேமியுங்கள். நூலகங்களும் தங்கள் மாவட்டத்தைப் பற்றியவற்றையாவது இப்படி இறக்கிவைக்க வேண்டும். வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம், இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் நூலகத்தில் இட நெருக்கடி என்று பழைய அரசுப் புத்தகங்களைக் கழிவு செய்யப் போகிறார்களாம். வாசகர்கள் என்ன செய்ய முடியும்?
— வாசகர் வட்ட உறுப்பினர், தஞ்சாவூர்

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இது நடந்தது. இருப்புச் சரிபார்ப்பின்போது பத்து வருஷமாக யாருமே எடுக்கவில்லை என்று சொல்லி, பழைய கணக்கெடுப்புக் கையேடுகளையும் பருவ, பயிர் அறிக்கைகளையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் அப்போது விடுப்பில் இருந்தேன், திரும்பி வந்தபோது அலமாரி காலி. அடுத்த வருஷமே ஒரு பெரியவர் வந்தார். ஏரி வாய்க்காலை மறித்துக் கட்டிடம் வருகிறது, இங்கே பாசனமே கிடையாது என்று எதிர்த்தரப்பு சொல்கிறது, பழைய கையேட்டில் கணக்கு இருக்கும் என்று வக்கீல் சொன்னாராம். இணையத்தில் தேடிக்கொள்ளும் காலம் இல்லை அது. அவரை மூன்று ஊர் நூலகங்களுக்கு அனுப்பி, நான்காவதாகச் சென்னைக்கே அனுப்பினேன். அந்த மனுஷருக்கு ஆன பஸ் செலவும் அலைச்சலும் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. யாரும் எடுக்கவில்லை என்பதை வைத்துக் குறிப்புதவி நூலைக் கழிக்கவே கூடாது, பத்து வருஷத்துக்கு ஒருவர் வந்தாலும் அந்த ஒருவருக்கு அது வேறெங்கும் கிடைக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. கழிவுப் பட்டியலின் நகல் வேண்டும் என்று வாசகர் வட்டத்தின் பெயரில் எழுதிக் கொடுங்கள். பட்டியலில் உங்கள் மாவட்டத்தைப் பற்றியவை, கணக்கெடுப்பு, கெசட்டியர், குழு அறிக்கைகள் இவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, இவற்றை மட்டும் மாவட்ட மைய நூலகத்துக்கு மாற்றுங்கள் என்று கேளுங்கள். வைத்திருங்கள் என்று கேட்பதைவிட மாற்றுங்கள் என்று கேட்டால் எளிதில் ஒத்துக்கொள்வார்கள், இடப் பிரச்சினை அவர்களுக்கும் நிஜம்தான். மனுவின் நகலை மாவட்ட நூலக அலுவலருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் தஞ்சையிலேயே தமிழ்ப் பல்கலைக்கழக நூலகமும் இருக்கிறது, அவர்களிடம் இல்லாத தொகுதி எது என்று போய்க் கேட்டு வாருங்கள், அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அலமாரியை அதற்குள் காலி செய்துவிடப் போகிறார்கள், திங்கட்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.